ஒற்றைக்காது நிஞ்சாவை வரைந்தவர்

என் எழுத்து வாழ்க்கையில் எனக்கு வந்த வாசகர் கடிதங்கள் மொத்தம் பதினொன்று. முப்பத்தெட்டு வருடம், இரண்டு சிறுகதைத் தொகுப்பு, ஒரு நாவல், பதினொரு கடிதம். அதில் நான்கு உறவினர் எழுதியவை. ஒன்றில் என் நாவலைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, வேறோர் எழுத்தாளரின் முகவரியைக் கேட்டிருந்தார்கள். ஆகவே உண்மையான கணக்கு ஆறு.

அவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கோப்பி ஆறுவதற்கு முதல், அதைவிடக் கூடுதலாக வந்துவிடும்.

இப்போது அவர் நகரத்துக்கு வெளியே, ஸ்ரௌவ்விலில், மகள் வாங்கிய புது வீட்டில் இருக்கிறார். அங்கே கார் இல்லாமல் போக முடியாது. எனக்குக் கார் இல்லை. கடைசியாகப் பார்த்துப் பதினாறு மாதம். அவரைப் பற்றி எழுத இதுதான் நல்ல நேரம். எதிரில் இருந்தால் நான் நேர்மையாக எழுதமாட்டேன். ஒன்றில் அளவுக்கு மேலே புகழ்வேன், அல்லது புகழவேண்டிய இடத்தில் இருமுவேன். இருமல் எனக்கு அவரோடு பழகிய காலத்தில்தான் கூடியது.

அவர் ஸ்கூல் பஸ் ஓட்டினார். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த கட்டடத்தில் நான் ஒன்பதாம் மாடி, அவர் நாலாம் மாடி. காலை ஓட்டம் ஒன்பது பத்துக்கு முடியும். பின்னேர ஓட்டம் இரண்டரைக்குத் தொடங்கும். இடையில் ஐந்து மணித்தியாலமும் இருபது நிமிடமும். மற்றச் சாரதிகள் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். இவர் லோரன்ஸ் வீதியில் உள்ள கோப்பிக் கடையில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் இருந்து நிஞ்சா வரைவார்.

நிஞ்சா என்றால் கறுப்பு உடுப்புப் போட்டு, முகத்தை மூடி, கூரைக்குக் கூரை தாவி ஒளிந்து சண்டை பிடிக்கிற அந்தக்கால யப்பானிய ஒற்றர். அவர்களுடைய கதையைக் கறுப்பு வெள்ளையில் கட்டம் கட்டமாக வரைந்தால் அது மங்கா. இதையெல்லாம் என்னுடைய அறுபத்தொன்பதாவது வயதில் நான் தெரிந்துகொள்ள வேண்டிவந்தது அவரால்தான். அதற்கு முதல் நான் கொழும்பில் குடிசன மதிப்புத் திணைக்களத்தில் பதினேழு வருடம் ஆட்களை எண்ணினேன். இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து ஒரு வாகனத் தரிப்பிடத்துச் சாவடியில் இருபத்திரண்டு வருடம் கார்களை எண்ணினேன். இரண்டுக்கும் நடுவில் எழுதினேன்.

பஸ் ஓட்டம் முடிந்தால் சாரதி கடைசி இருக்கை வரைக்கும் நடந்து போகவேண்டும். நித்திரையாகிப்போன பிள்ளை ஏதும் கிடக்கிறதா என்று ஒவ்வோர் இருக்கையாகப் பார்த்து, பின்சுவரில் உள்ள பொத்தானை அமத்திவிட்டு வரவேண்டும். அமத்தாவிட்டால் பஸ் கத்தத் தொடங்கிவிடும். அப்படி நடந்துபோன ஒருநாள் கடைசி இருக்கையில் ஒரு மங்காப் புத்தகம் கிடந்திருக்கிறது. யாருடையது என்று மூன்று நாள் பிள்ளைகளிடம் கேட்டார். ஒருவரும் கைநீட்டவில்லை. நாலாம் நாள் வாசித்தார்.

“உது பின்னுக்கிருந்து முன்னுக்கு வாசிக்கிற புத்தகம் அண்ணை. நானும் பஸ்ஸிலை பின்னுக்கிருந்து முன்னுக்குத்தானே நடந்து வந்தன். நல்லாப் பொருந்திச்சுது,” என்றார்.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அதற்கு முதல் அவர் வரைந்தது, பள்ளிக்கூடத்தில் விலங்கியல் பாடத்துக்கு ஒரு தவளை. நான் ஏழு வயதில் கவிதை எழுதத் தொடங்கியவன்.

அவருடைய நிஞ்சா ஒரு பெண். பெயர் இல்லை. ஒரு காது இல்லை. எதிரியின் கோட்டைக்குள் தொலைந்துபோன தங்கையைத் தேடி, கோட்டையின் கூரையில் ஒளிந்து வாழ்கிறாள். கதை அவ்வளவுதான். பேனையால் தாளில் வரைந்து, போனில் படம் பிடித்து, வெள்ளிக்கிழமைக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் ஏற்றுவார். யப்பானுக்கு அவர் போனதே இல்லை. ஆகவே அந்தக் கோட்டையின் கூரையில், எங்கள் பிளாசாக் கடைத்தொகுதிகளின் கூரையில் இருக்கிற குளிரூட்டிப் பெட்டிகள் இருந்தன. பின்னால் மின்கம்பிக் கோபுரங்கள் வரிசையாக நின்றன.

“அந்தக் காலத்திலை யப்பானிலை கரண்ட் இருந்ததோ?” என்று கேட்டேன்.

“தெரியேல்லை அண்ணை. வடிவாயிருக்கெல்லோ?”

கதாபாத்திரங்கள் ஆங்கிலத்தில் பேசின. அவருடைய ஆங்கிலத்தில் இறந்தகாலம் கிடையாது. முதல் பத்து அத்தியாயத்தில் நான் நூற்றிநான்கு பிழை எண்ணினேன். வாசகர்களோ, செத்தவர்களையும் நிகழ்காலத்தில் பேசுகிறவள் என்று நிஞ்சாவைக் கொண்டாடினார்கள். என் நாவலில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டதற்கு, வெளியீட்டு விழா மேடையிலேயே ஒருவர் பன்னிரண்டு நிமிடம் பேசினார்.

அவருடைய மனிதத்தன்மை முழுவதையும் ஒரு வரியில் சொல்லவேண்டுமானால் இதுதான்: எழுதிய ஒவ்வொருவருக்கும் மறுமொழி எழுதாமல் அவர் பேனையைத் தொடமாட்டார். கடிதம் முதல், படம் பிறகு. ஒன்பது இருபதுக்கு வருவார். கோப்பியின் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைப்பார். போனைத் திறந்து, படத்துக்குக் கீழே வாசகர்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாக எனக்கு வாசிப்பார். புகழ்ச்சியையும் ஏச்சையும் ஒரே குரலில், பஸ் தரிப்பிடங்களை அறிவிக்கிற மாதிரி வாசிப்பார். “நீ ஒரு மேதை. அடுத்தது. உனக்குக் கை வரையத் தெரியாது, காலை வரைஞ்சு வைச்சிருக்கிறாய். அடுத்தது.” வாசித்து முடிந்ததும் ஒரு விரலால் தட்டித் தட்டி மறுமொழி எழுதுவார். அதற்கு ஒன்றரை மணித்தியாலம் போகும்.

“எல்லாருக்கும் என்னத்துக்கு எழுதுறீர்? ஒரு பொது நன்றி போட்டால் காணாதோ?” என்றேன்.

“பஸ்ஸிலை ஏறுற பிள்ளை குட்மோர்னிங் சொன்னால் நான் சொல்லாமல் விடுறனோ? நாப்பத்தெட்டுப் பிள்ளை ஏறினால் நாப்பத்தெட்டுத் தரம் சொல்லத்தானே வேணும்.”

மறுமொழியோடு நின்றால் பரவாயில்லை. அவர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவார். மணிலாவில் ஒரு சிறுமி, தனக்குப் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், நோகிறது என்று எழுதினாள். அடுத்த வெள்ளி நிஞ்சாவுக்குப் பல்வலி. கன்னத்தைப் பொத்திக்கொண்டு வாள் வீசினாள். லண்டனில் ஒரு தாதி, இந்தப் பெண் ஓடிக்கொண்டே இருக்கிறாளே, பார்க்க எனக்குக் களைக்கிறது என்று எழுதினார். அடுத்த அத்தியாயம் முழுவதும், பதினெட்டுப் பக்கமும், நிஞ்சா ஒரு மரத்தின் கீழே இருந்தாள். இலை விழுந்தது. எறும்பு போனது.

“கதையிலை ஒண்டும் நடக்கேல்லையே,” என்றேன்.

“அந்த மனிசி நைட் ஷிவ்ற் செய்யிற ஆள் அண்ணை. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

அதற்கு நூற்றி அறுபத்திமூன்று கடிதம் வந்தது. என் நாவலில் நாற்பத்தொரு பக்கம் ஒன்றுமே நடக்காது. அதற்காக ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

நான் அவருக்குச் செய்த முதல் உதவியைச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் அவர் நாலு அத்தியாயத்தை அச்செடுத்து என்னிடம் தந்து, “நீங்கள் எழுதுற ஆள், பார்த்துச் சொல்லுங்கோ,” என்றார். இரண்டு நாள் இருந்து பார்த்தேன். முப்பத்தொரு பிழை. வெட்டுவதற்கு முதலே கை காயப்பட்டிருந்தது. அம்பு மார்பிலிருந்து புறப்பட்டு வில்லுக்குத் திரும்பிப் போனது. ஒருவன் முதல் கட்டத்தில் செத்து நாலாம் கட்டத்தில் தேநீர் குடித்தான். இலக்கமிட்டு, மூன்று தாளில் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க முடியாமல் அவருக்கு ஒரு டோநட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

அவர் முப்பத்தொன்றையும் பொறுமையாக வாசித்தார். “சரியான உழைப்பு அண்ணை,” என்றார். தாள்களை மடித்துப் பையில் வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஏறிய அத்தியாயத்தின் முதல் பக்கத்தில், வலது மூலையில், சிறிதாக ஓர் அம்புக்குறி இருந்தது. இங்கே தொடங்கி இடப்பக்கம் போகவும் என்று எழுதியிருந்தது. நான் நாலு அத்தியாயத்தையும் பத்திரிகை வாசிக்கிற மாதிரி இடமிருந்து வலமாக வாசித்திருந்தேன்.

அவர் என்னைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். என் பிழையை ஒரு வாசகரின் தேவையாக எடுத்துக்கொண்டு, அதையும் கொடுத்துவிட்டார். அந்த அம்புக்குறிக்கு நன்றி சொல்லி ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். தங்கள் தாய் தகப்பனும் இப்போது வாசிக்கிறார்களாம்.

அதன்பிறகு நான் பிழை கண்டால் சொல்லாமல் விடப் பழகினேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இடக்காது இல்லாமல் இருந்த நிஞ்சாவுக்கு, பதினைந்தாம் அத்தியாயத்தில் வலக்காது இல்லை. நான் அதை வியாழக்கிழமையே, அவர் வரைந்துகொண்டிருக்கும்போதே கண்டுவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. கோப்பியை உறிஞ்சிக்கொண்டு, நாளைக்கு இவர்கள் இவரைக் கிழிப்பார்கள் என்று காத்திருந்தேன். பிரேசிலில் ஒருவன் கண்டுபிடித்தான். அதைத் தொடர்ந்து ஐம்பத்திரண்டு பேர். அவர் ஐம்பத்திமூன்று பேருக்கும், “சோரி, நான் வரையேக்கை பராக்குப் பாக்கிறன்,” என்று ஆங்கிலத்தில் எழுதினார். அடுத்த வாரம் ஒரேயொரு பக்கம் வரைந்தார். நிஞ்சா ஒரு குளத்தில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் இரண்டு பக்கத்தையும் தடவி, எந்தக் காது என்று தேடுகிறாள். அந்தப் பக்கத்தைச் சிலர் சட்டையில் அச்சடித்துப் போட்டார்கள்.

சட்டையை நான் கண்ணால் கண்டேன். டவுண்டவுணில் ஒரு பெரிய மண்டபத்தில் சித்திரக்கதைக்காரர் கூடும் விழா. அவருக்கும் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். துணைக்கு வரச்சொன்னார். ஒரு காதைத் துணியால் கட்டிக்கொண்டு, கறுப்பு உடுப்போடு வந்த பிள்ளைகள் இருபத்திமூன்று பேர். ஒருத்தி சீனப்பிள்ளை, அவரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் குளிர்ச்சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசிக் கைக்குட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு வைத்திருப்பது.

மேசையின் ஓரத்தில் என் நாவலின் இரண்டு பிரதியையும் வைத்திருந்தேன். அவர்தான் கொண்டுவரச் சொன்னார். ஆறு மணித்தியாலத்தில் ஒரேயொரு இளைஞன் அதைக் கையில் எடுத்தான். புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கிறது?” என்று கேட்டான். சொன்னேன். திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வரும்போது சப்வேயில் அவர், “உங்கடை புத்தகத்தை நான் ரெண்டு தரம் வாசிச்சன் அண்ணை,” என்றார்.

“எப்பிடி?”

“எனக்கு விளங்கிற அளவுக்கு இல்லை. ஆனால் அந்த மழை நல்லாப் பெய்யுது.”

என் நாவலில் மழை பதின்மூன்று இடத்தில் பெய்கிறது. எந்த மழை என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை அது எனக்குள் கிடந்து அரிக்கிறது.

இனி அந்தச் சமையல்காரனிடம் வருகிறேன்.

எதிரியின் கோட்டையில் ஒரு தடித்த சமையல்காரன் இருந்தான். முப்பத்தோராம் அத்தியாயத்தில் வந்தான். கூரையில் யாரோ ஒளிந்திருப்பதை அவன் ஊகித்து, ஒவ்வொரு நாளும் ஓர் உருண்டைச் சோற்றை இலையில் சுற்றிச் சமையலறைக் கூரையில் வைப்பான். நிஞ்சா வந்து சாப்பிடுவாள். சாப்பிட்ட இலையை ஒரு பறவையாக மடித்து வைத்துவிட்டுப் போவாள். ஒருவரை ஒருவர் பார்த்ததேயில்லை. ஐம்பத்தேழு அத்தியாயம் இப்படிப் போனது. வாசகர்களுக்கு நிஞ்சாவைவிட அவனைப் பிடித்துவிட்டது. அவனுக்கு ஒரு மீன் பொரிக்கக் கொடுங்கள், அவனுக்கு ஒரு பூனை கொடுங்கள் என்று எழுதினார்கள். கொடுத்தார்.

எண்பத்தெட்டாம் அத்தியாயத்தில் அவர் அவனைக் கொன்றார். ஒருவரும் கேட்காமல், யாரையும் கேட்காமல். காவலர்கள் அவன் கூரையில் ஏறுவதைக் கண்டு, அங்கிருந்து வெள்ளம் போகும் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். பிறகு நிஞ்சா வருகிறாள். சோறு இன்னும் சூடாக இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் சாப்பிடுகிறாள். இலையைப் பறவையாக மடித்து வைக்கிறாள். அத்தோடு முடிகிறது.

வாசித்துவிட்டு நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தை நாலு தரம் சுற்றி நடந்தேன்.

அந்த வாரம் நானூற்றிப் பன்னிரண்டு கடிதம். முந்நூற்றித் தொண்ணூறு பேர் அவனைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். உடலைக் காட்டவில்லையே, ஆற்றில்தானே விழுந்தான், எங்கேயாவது கரையொதுங்கியிருக்கலாமே என்று வழியும் சொன்னார்கள். அவர்களில் அறுபது பேர், கொண்டுவராவிட்டால் இனி வாசிக்கமாட்டோம் என்றார்கள். நான் எல்லாவற்றையும் வகைபிரித்து, கணக்கெழுதும் கொப்பியில் குறித்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்து, கோப்பி மூடியைக் கழற்றாமல் இருந்தார்.

“அண்ணை, என்ன செய்வம்? கேக்கிற சனத்துக்குக் குடுத்துத்தான் எனக்குப் பழக்கம். இதைக் குடுக்கக் கை வருகுதில்லை. குடுக்காமல் இருக்கவும் மனம் வருகுதில்லை. நீங்கள் படிச்ச ஆள். சொல்லுங்கோ.”

எண்பத்தெட்டு வாரத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரேயொரு பெரிய கேள்வி. எனக்குக் கணக்குத் தெரியும். கொப்பி மடியில் இருந்தது. கொண்டுவராவிட்டால் வாசகர்கள் போவார்கள் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் சொன்னேன்.

“கொண்டுவராதையும். செத்தவன் செத்தவன்தான். வாசகர் கேக்கினம் எண்டு எழுப்பினால் அது இலக்கியமில்லை, சர்க்கஸ்.”

அவர் “சரி,” என்றார். பிறகு மூடியைக் கழற்றினார். அன்றிலிருந்து எழுதிய ஒவ்வொருவருக்கும், ‘சோரி, அவர் சாகிறார், திரும்பி வரமாட்டார்’ என்று மறுமொழி எழுதினார். என்னை எங்கேயும் காட்டிக்கொடுக்கவில்லை.

போனார்கள். என் கொப்பியின் பின்பக்கத்தில் அந்த இறக்கம் முழுவதும் இருக்கிறது. எண்பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கு இருநூற்றி எண்பது. தொண்ணூறுக்கு நூற்றிப் பத்தொன்பது. நூறாவது அத்தியாயத்துக்கு, அவர் வண்ணத்தில் வரைந்திருந்தார், முப்பத்தாறு. பிறகு பதினாலு. பிறகு ஐந்து. மணிலாவில் பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளை நூற்றியிருபத்திரண்டாம் அத்தியாயம் வரைக்கும் எழுதினாள். எண்ணிக்கை குறையக் குறைய அவருடைய படம் திறமாக வந்தது என்பதையும் நான் இங்கே குறித்துவைக்க வேண்டும். கையைக் கையாகவே வரையத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு வெள்ளியும் எண்ணி எழுதிவிட்டு, எனக்கு அன்றைக்கு நல்ல பசி எடுக்கும்.

நூற்றிமுப்பத்தோராம் அத்தியாயத்துக்குப் பூச்சியம்.

வெள்ளி ஒன்பது இருபதுக்கு வந்தார். போனைத் திறந்தார். விரலால் கீழே இழுத்துவிட்டுப் பார்த்தார். மேசையில் வைத்தார். கடிதம் முதல், படம் பிறகு என்பதுதானே ஒழுங்கு. கடிதம் இல்லை. பேனை பையிலேயே கிடந்தது. இரண்டு மணி வரைக்கும் கழிவறைக்குப் போய்வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போனார். திங்களும் அப்படி. செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. வியாழக்கிழமை சொன்னார்:

“மத்தியானத்திலை சின்னப் பிள்ளையளின்ரை ஓட்டம் ஒண்டு இருக்காம் அண்ணை. கேட்டிருக்கிறன். திங்கள் தொடக்கம் தருவினம்.”

“அப்ப வரையிறது?”

“ஆருக்கு?”

நான் அந்தச் சொல்லுக்காக இரண்டரை வருடம் காத்திருந்தவன். வீட்டுக்குப் போய் நாற்காலியில் இருந்தேன். மகிழ்ச்சி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய கணக்கு ஆறு, ஆறாகவே இருந்தது. திங்கள் தொடக்கம் அந்த மேசையில் நான் மட்டும் இருப்பேன் என்பதும், எண்ணுவதற்கு எனக்கு ஒன்றும் இராது என்பதும் மெல்ல விளங்கியது. அதைவிட, நிஞ்சா கூரையில் அப்படியே விடப்பட்டிருந்தாள். தங்கையைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு சுவர்தான் இருந்தது.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு எண்பத்தெட்டாம் அத்தியாயத்தைத் திறந்து, முழுவதையும் இன்னொரு தரம் வாசித்துவிட்டு, அதன் கீழே என் முழுப்பெயரோடு எழுதினேன். குற்றம் நடந்த இடத்தில் எழுதுவதுதான் முறை என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

‘சமையல்காரனைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்று இவருக்குச் சொன்னவன் நான். இவருடைய அயலவன், நண்பன். இலக்கியத்துக்காகச் சொன்னேன் என்று இவர் நம்புகிறார். நான் பொறாமையில் சொன்னேன். உங்களுடைய கடிதங்களை எண்ணி வைத்துக்கொண்டு, நீங்கள் போய்விடுவீர்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். கோபமிருந்தால் என்மேல் கோபியுங்கள். இவரை விட்டுப் போகாதீர்கள்.’

ஓர் அத்தியாயத்தின் கீழே புதிதாக யாரும் எழுதினால், முன்னர் அங்கே எழுதிய அத்தனை பேருடைய போனிலும் மணி அடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. நானூற்றிப் பன்னிரண்டு போனில் அடித்திருக்கிறது.

வெள்ளி காலை அவர் வந்தபோது குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

“உது நீங்களோ எழுதினது?”

“ஓம்.”

“உண்மையோ?”

“உண்மை.”

“அதுக்குப் பிறகு நாப்பத்திமூண்டு வெள்ளிக்கிழமை அண்ணை,” என்றார்.

அவர் வாயிலிருந்து, பஸ் பிள்ளைகளைத் தவிர, வேறொன்றின் எண்ணிக்கையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர் எழும்பிப் போய் வேறு இடத்தில் இருந்தார்.

“சரி, அதை விடுங்கோ,” என்றார். விடவில்லை என்பது குரலில் தெரிந்தது. “நான் கேட்டதுக்கு இண்டைக்கு மறுமொழி சொல்லுங்கோ. அவன் சாகவேண்டியவனோ, இல்லையோ?”

சூடான சோற்றை நினைத்தேன். மடித்த இலையை நினைத்தேன்.

“சாகவேண்டியவன்தான்.”

“பொறாமை இல்லாமல் சொல்லுங்கோ.”

“பொறாமை இல்லாமல் எனக்குச் சொல்லத் தெரியாது. பொறாமையோடையும் அவன் சாகவேண்டியவன்தான்.”

அவர் குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். கோப்பி மூடியைக் கழற்றிக் கவிழ்த்தார். போனைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

“எழுபத்தொம்பதோ என்னவோ வந்திருக்கு. எல்லாம் உங்களுக்குத்தான். எனக்கு ஒண்டும் இல்லை.”

“நான் என்ன செய்யிறது?”

“என்ன செய்யிறதோ? மறுமொழி எழுதுங்கோ. மத்தியான ஓட்டம் வேண்டாமெண்டு நான் சொல்லப்போறன். தங்கச்சிக்காரி சுவருக்கு அங்காலை நிக்கிறாள், எனக்கு வேலை கிடக்கு.”

பையிலிருந்து பேனையை எடுத்துக் குனிந்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை. இனி அவர் என்னைப் பழையபடி பார்ப்பாரோ என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையில், அந்த வருடம் முழுவதும் அவர் என்னிடம் எந்தப் பக்கத்தையும் காட்டவில்லை. கதையின் முடிவை நான் மற்றவர்களோடு சேர்ந்துதான் வாசித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் அவரைத் தெய்வமாக்கிவிடுவேன். அவர் தெய்வமில்லை.

கடிதங்களை வாசித்தேன். கிழட்டுக் கழுகு என்று ஒருவர். அங்கிள், உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று மூன்று பேர். நான் அன்றைக்கே சந்தேகப்பட்டேன் என்று அந்தப் பிரேசில்காரன். லண்டன் தாதி, ‘வெட்கமாயில்லையா?’ என்று மட்டும். எட்டாவது கடிதம், பக்கத்து வோபர்னில் இருந்து ஒரு பிள்ளை, தமிழ்ப் பெயர்தான், எழுதியிருந்தாள்: ‘எனக்கு அப்ப பதின்மூன்று வயது. மூன்று நாள் அழுதேன். ஆரோ செத்துப்போச்சினம் என்று அம்மா ஊருக்குப் போன் எடுத்துவிட்டா. உங்களில் எனக்கு நல்ல கோபம். ஒரேயொரு கேள்வி. நீங்கள் அழுதீங்களா?’

நான் எழுதத் தொடங்கினேன். அவலச்சுவை பற்றி எழுதினேன், அழித்தேன். என் நாவலில் வரும் ஒரு மரணத்தை உதாரணம் காட்டினேன், அழித்தேன். ஒரு பெருமூச்சு விட்டிருக்கவேண்டும்.

“என்ன கேட்டிருக்கு?” என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாசித்துக் காட்டினேன்.

“கேட்டதுக்கு மட்டும் மறுமொழி எழுதுங்கோ அண்ணை. உங்கடை சரித்திரத்தை எழுதவேண்டாம்.”

ஒரு விரலால் தட்டினேன்.

‘ஓம் பிள்ளை. இரண்டு தரம்.’